ஆசிரியரைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்பதற்கு முன்

ஆண்டு முடிவில் ஒரு தாளைக் கொடுத்து, 'உங்கள் ஆசிரியர் எப்படி?' என்று பல பள்ளிகளில் கேட்கிறார்கள். தாளை வாங்கி அடுக்குபவர் அதே ஆசிரியர் என்றால்? பிளஸ் டூவில் அகமதிப்பீட்டு மதிப்பெண் 10-ம் அவர் கையில் இருக்கிறது. எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்?

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை 2009-ல் தொடங்கிய ஆய்வில் சுமார் 3,000 ஆசிரியர்கள் பங்கேற்றார்கள். ஹார்வர்டின் ரொனால்ட் ஃபெர்குசன் உருவாக்கிய கேள்விகளுக்கு மாணவர்கள் சொன்ன பதில்கள், எந்த வகுப்பில் கற்றல் கூடியது என்பதோடு ஓரளவு ஒத்துப்போயின. 'ஆசிரியர் நல்லவரா' என்று அங்கே கேட்கவில்லை. புரியாவிட்டால் வேறு விதமாக விளக்குகிறாரா, வகுப்பு நேரம் வீணாகிறதா, செய்த தவற்றைத் திருத்தக் கற்கிறோமா என்று கேட்டார்கள். தினமும் எதிரே உட்காரும் பிள்ளை கண்ணால் பார்த்த விஷயங்கள் இவை.

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதாது. கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். மூன்றே மாணவிகள் இருக்கும் வகுப்பில் 'மாணவிகளின் கருத்து' என்று பிரித்துக் காட்டினால் ரகசியம் ஏது? டிக் அடிக்கும் படிவமாக இருக்கட்டும். வேறொருவர் வாங்கி உறையில் போட்டு ஒட்டி, மதிப்பெண் பதிந்த பிறகே பிரிக்கட்டும்.

ஆசிரியருக்கும் அநீதி நடக்கக்கூடாது. 2015-ல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், இணையவழி வகுப்பெடுத்த அதே ஆசிரியருக்கு, ஆண் பெயர் காட்டியபோது கூடுதல் மதிப்பீடு கிடைத்தது. நம் ஊரில் சாதியும் உள்ளே நுழையும். கண்டிப்பானவர்மேல் கோபமும் இருக்கும். ஆகவே ஒரே ஒரு படிவத்தை வைத்துச் சம்பள உயர்வை நிறுத்துவதும் வேலையை விட்டு அனுப்புவதும் தவறு. முடிவுகளைப் பார்க்கவும் பதில் சொல்லவும் அவருக்கு இடம் தர வேண்டும்.

எழுதியதற்காகப் பிள்ளையைப் பழிவாங்கினால், அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அதில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது.

அடி, பாலியல் தொல்லை போன்றவற்றுக்கு இந்தப் படிவம் இடமல்ல; குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது தமிழ்நாட்டுக் கல்வி உதவி எண் 14417-க்கு உடனே அழைக்க வேண்டும். ஆனாலும் ஒரு பிள்ளை அதைப் படிவத்தில் எழுதிவிடலாம். பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். தலைமையாசிரியர் அந்தத் தாளை மேசைக்குள் வைத்துப் பூட்ட முடியாது. ரகசியத்துக்கு இந்த ஒரு விலக்கு உண்டு என்பதைப் படிவம் கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.