செய்தித்தாளும் பெண்ணின் மாண்பும்



உத்திரமேரூர்ப் பகுதியின் தேநீர்க் கடைகளில் ஒரே செய்தித்தாளைப் பலர் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசிப்பது வழக்கம். "ஒருதலைக் காதலால் மாணவிக்குக் கத்திக்குத்து" என்ற தலைப்பைக் கண்டால், "அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊரு?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். கத்தி எடுத்தவனைப் பற்றிய கேள்வி பிறகுதான் வருகிறது.

விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணைத் தாக்குவது காதல் ஆகுமா? 'கற்பழிப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். குற்றம் செய்தவன் ஆண். களங்கமோ பெண்ணின்மேல் விழுகிறது. 'பாலியல் வன்கொடுமை' என்பதே உண்மையைச் சொல்லும் சொல்.

2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகள் தாமாரின் துயரத்தை வாசிக்கிறோம். அம்னோன் அவள்மேல் காதல் கொண்டான் என்றுதான் அப்பகுதியும் தொடங்குகிறது. ஆனால் அத்துடன் நிற்கவில்லை. அவன் நோயுற்றவன்போல் நடித்து அவளை வரவழைத்ததையும், அவள் மறுத்துப் பேசியதையும், பின்னர் அவனுடைய 'காதல்' கடும் வெறுப்பாக மாறியதையும் விவிலியம் மறைக்காமல் சொல்கிறது. தாமார்மேல் ஒரு குறையும் சுமத்தவில்லை. அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னவர் அண்ணன் அப்சலோம். சினம் கொண்டும் மகனைத் தண்டிக்காமல் விட்டவர் தாவீது.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெயரை மட்டுமல்ல, ஆளைக் காட்டிக்கொடுக்கும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறையின் செய்தியாளர் சந்திப்பிலும் அரசாணையிலுமே வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயர் வெளியானால் மற்றவர்கள் புகார் கொடுக்க எப்படித் துணிவார்கள்? பின்னர் விசாரணை மூடிய அறையில் நடந்தது. எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள், ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை கிடைத்தது. காக்கப்பட்ட பெயர்களுக்குப் பின்னால் இருந்து உண்மை துணிவோடு பேசியது.

செய்தியைத் திரட்டும்போதும் வெளியிடும்போதும் மனித மாண்பு மதிக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே கற்பித்தது. இது செய்தியாளருக்கு மட்டும் உரியதன்று. கைப்பேசியில் ஒரு படத்தை, ஒரு பெயரை அடுத்தவருக்கு அனுப்பும்போது நாமும் செய்தி வெளியிடுகிறவர்களே.

எனவே, அன்பர்களே, அப்படிப்பட்ட பெயரும் படமும் நம் கைக்கு வந்தால் நம்மோடு நிற்கட்டும். அன்பியக் கூட்டங்களில் இத்தகைய செய்தி பேச்சில் வந்தால், "அவள் ஏன் அங்கே போனாள்?" என்று கேட்பதை விட்டு, "அவன் ஏன் அப்படிச் செய்தான்? அவளுக்கு நாம் என்ன துணை?" என்று கேட்போம். நம் வீட்டுப் பிள்ளைக்குத் துன்பம் நேர்ந்தால் அஞ்சாமல் வந்து சொல்லும் இடமாக நம் குடும்பமும் பங்கும் அமைய, இறைவன் நமக்கு அருள்புரிவாராக.