பழைய காரின் கம்பளம்



பழங்காலக் கார் ஒன்றைக் கண்டால் நம் கண் அதன் பளபளப்பில் நிலைத்துவிடும். நானோ முதலில் குனிந்து காலடியைப் பார்ப்பேன். மேற்பூச்சு எளிதில் ஏமாற்றும். ஆலையிலிருந்து புறப்பட்ட நாளில் விரித்த கம்பளந்தானா இது என்று காண்பதற்குப் பொறுமை வேண்டும்.

முதற்சான்று இழை. அதனை அறிய ஒரே ஒரு நூலை எடுத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க, இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுக. கம்பளி மயிர் கருகிய நாற்றம் வீசிப் பொடிச் சாம்பலாகும். சணலும் பருத்தியும் காகிதம்போல் எரியும். நைலான் உருகிக் கெட்டி மணியாகும். பாலிபுரோப்பிலீனும் உருகும், ஆனால் காற்றுக் குமிழி நீங்க நனைத்து நீரில் இட்டால், நைலான் மூழ்க, அது மிதக்கும். பாலிபுரோப்பிலீன் வாணிகப் பொருளானது 1957-ஆம் ஆண்டில். எனவே 1950-இல் செய்த காரில் அவ்விழை இருப்பின், அது பின்னர் விரித்ததே.

இச்சான்று எல்லா வண்டிக்கும் போதாது. சென்னையில் 1961 முதல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் காலத்தில் செயற்கை இழைகள் வழக்கிற்கு வந்துவிட்டன. அம்பாசிடரோ 1957 முதல் 2014 வரை உருவம் பெரிதும் மாறாமல் வந்தது. பிற்கால விரிப்பு முற்கால வண்டியில் ஏறத்தாழப் பொருந்திவிடலாம். ஆகவே, ‘அளவு பொருந்துகிறது’ என்பது மட்டும் சான்றாகாது.

அடுத்த சான்று மறைவிடங்களில் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலத் தூண்களை ஆராய்பவர், கைபடாத இடுக்குகளில் உளியின் தடத்தைத் தேடவேண்டும். பலர் தொட்டுத் தேய்த்த முகப்பில் அது தெளிவாக இராது. காரிலும் அவ்வாறே. இருக்கையின் அடியிலும், கதவோரத் தகட்டின் கீழும் வெயில் படாததால், அங்கே கம்பளத்தின் முதல் நிறம் தங்கியிருக்கும். திருகாணித் துளைகள் தரைத் துளைகளோடு ஒன்றுகின்றனவா, மிதிகட்டைக்காக வெட்டிய விளிம்பு ஒழுங்காக மடித்துத் தைக்கப்பட்டதா, அடிப்புறத்தில் தரையின் துருத்தடம் பதிந்துள்ளதா என்று பார்க்கவேண்டும். ஒரு சான்று பொய்க்கலாம். பல சான்றுகள் ஒருசேரப் பொய்ப்பது அரிது.

இவ்வளவு ஆராய்வானேன் எனலாம். கிழிந்த கம்பளத்தைக் குப்பையில் எறிந்து புதியது விரித்தால் வண்டி அழகுபெறும். ஆனால் அக்கால இழையும் சாயமும் தையலும் கூறிய செய்தி அதனோடு போய்விடும். பின்னர் அதே அச்சில் எத்தனை புதிய விரிப்புகள் நெய்தாலும், முதல் விரிப்பு திரும்ப வாராது. மேலும், ‘மூலப்பொருள்’ என்ற சொல்லை நம்பிக் கூடுதல் விலை கொடுப்பவருக்கும் அநீதியாகும்.

நம் நாட்டு மழைக்கால ஈரம் கம்பளத்தையும் அடியிலுள்ள தகட்டையும் ஒருங்கே அரிக்கும். அதனால் புதிய விரிப்பு இடவேண்டிய நிலை வரலாம், இடுக. பழையதைக் கழற்றுமுன் படம் எடுத்து, அதனையே அளவாக வைத்து வெட்டி, உலர்த்திச் சுருட்டி, உலர்ந்த இடத்தில் பேணுக. அழகு புதியதில் இருக்கட்டும். வரலாறு பழையதில் இருக்கிறது.