உருள்முனைப் பட்டைச் செரிஃப் சாய்வெழுத்து

உருள்முனைப் பட்டைச் செரிஃப் சாய்வெழுத்து என்பது இலத்தீன் எழுத்துருக்களில் ஒரு வகை ஆகும். எழுத்தின் கோடு முடியும் இடத்தில் அமையும் சிறு குறுக்குக்கோடு செரிஃப் எனப்படும். அக்குறுக்குக்கோடு எழுத்தின் கோட்டளவுக்கே தடித்திருந்தால் அது பட்டைச் செரிஃப். அதன் மூலைகள் மழுங்கி உருண்டிருந்தால் உருள்முனை. எழுத்துகள் வலப்புறம் சாய்ந்திருந்தால் சாய்வெழுத்து.

அமைப்பு

மூன்று கூறுகளுக்கும் தனித்தனி வேலை உண்டு. பட்டைச் செரிஃப் எழுத்துக்கு உறுதியான பாதமாகிறது. மெல்லிய கோடுகள் மங்கிவிடும் மட்டமான தாளிலும் அது தெளிவாக விழும். உருண்ட முனை அந்தத் தடிப்பின் முரட்டுத்தனத்தைக் குறைக்கிறது. சாய்வு கையெழுத்தின் ஓட்டத்தைத் தருகிறது. நிமிர்ந்த எழுத்தை அப்படியே சரித்தால் மட்டும் நல்ல சாய்வெழுத்து ஆகிவிடாது. ஆங்கிலச் சிறிய எழுத்தான 'ஏ' நிமிர்ந்த வடிவில் இரண்டு அடுக்காகவும், சாய்வெழுத்தில் பெரும்பாலும் ஒரே அடுக்காகவும் வரையப்படுகிறது.

வரலாறு

அச்சுச் சாய்வெழுத்து 1500ஆம் ஆண்டளவில் வெனிஸ் நகரில் தோன்றியது. ஆல்டஸ் மனூட்டியசின் அச்சகத்துக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ அதனைச் செதுக்கினார். பட்டைச் செரிஃப் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வின்சென்ட் ஃபிக்கின்சின் எழுத்து வார்ப்பகம் வழியாகப் பரவியது. சுவரொட்டி விளம்பரங்களுக்குத் தடித்த எழுத்து தேவைப்பட்ட காலம் அது. பின்னர் தட்டச்சுப் பொறிகள் இவ்வடிவத்தை அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தன. 1950களில் ஐபிஎம் நிறுவனத்துக்காக ஹோவர்ட் கெட்லர் வடிவமைத்த கூரியரும், 1974இல் வெளிவந்த அமெரிக்கன் டைப்ரைட்டரும் உருள்முனைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

பயன்பாடு

தலைப்பு, பொருள் உறை, அழைப்பிதழ், படக்குறிப்பு, மேற்கோள் போன்ற குறுகிய பகுதிகளுக்கு இவ்வகை பொருந்தும். பக்கக்கணக்கில் நீளும் உரைக்குப் பொருந்தாது. தடித்த செரிஃபும் சாய்வும் சேர்ந்து கண்ணைக் களைப்பாக்கும்.

தமிழ் எழுத்தும் சாய்வும்

வழக்கமான தமிழ் அச்செழுத்தில் இலத்தீன் முறையிலான செரிஃப் இல்லை. சாய்வெழுத்து மரபும் இல்லை. கணினியில் சாய்வுப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து சரிக்கப்படுகிறது, அவ்வளவே. அப்போது சுழிகள் நெளிந்து, கோட்டின் தடிப்பு சீரற்றுப் போகிறது. மேலே உள்ள புள்ளி வலப்புறம் நகர்ந்து அடுத்த எழுத்தை நெருங்குகிறது. 'மண்' என்பதற்கும் 'மண' என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் புள்ளி ஒன்றே. எனவே சிறிய அளவில் அச்சாகும் பாடக்குறிப்புகளில் இது வாசிப்பைத் தடுமாறச் செய்யும்.

தமிழுக்கெனச் சாய்வாகவே வரையப்பட்ட எழுத்துருக்களும் உள்ளன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், கையெழுத்துச் சாயலில் அமைந்தது; கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டு எழுத்துமுறைகள் அருகருகே வரும்போது ஒன்றை மற்றொன்றின் அச்சில் வார்க்கத் தேவையில்லை. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் உள்ள அதிரணசண்டக் குடைவரையில் ஒரே வடமொழிப் புகழுரை பல்லவ கிரந்தத்திலும் நாகரியிலும் வெட்டப்பட்டுள்ளது. இரண்டும் தத்தம் வடிவத்திலேயே நிற்கின்றன. இருமொழி அழைப்பிதழுக்கும் இதே முறை உகந்தது. ஆங்கில வரி உருள்முனைச் சாய்வெழுத்தில் இருந்தால், தமிழ் வரிக்கு அதே தடிப்புள்ள, முனை உருண்ட நிமிர்ந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்ச் சொல்லுக்கு அழுத்தம் தரத் தடித்த எழுத்தோ மேற்கோள்குறியோ போதும்.