பிளக்குக் குழியில் எண்ணெய்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் பாலாற்றை அடைந்து, அங்கிருந்து காட்டுப் பாதையில் திரும்பினால் கோபிநத்தம் என்னும் சிற்றூருக்குச் செல்லலாம். 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்கு முன்னர் இவ்வூரை உள்ளிட்ட கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. பின்னர் மைசூருடன் சேர்ந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம் ஆயிற்று. எல்லைகள் மாறியபோதிலும் ஊரார் பேசும் தமிழ் மாறவில்லை. அவ்வூர் வழியாகச் சென்று, காவிரியின் மறுகரையிலிருந்து ஒகேனக்கலைக் காண வேண்டும் என்னும் ஆவலால், நண்பர் ஒருவரின் பன்னிரண்டாண்டுப் பெட்ரோல் காரில் நாம் ஒருமுறை புறப்பட்டோம்.

பாலாறு கடந்ததும் வண்டி உதறத் தொடங்கிற்று. மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. எஞ்சின் ஒரு காலை நொண்டுவது போல ஓடிற்று. இருபுறமும் அடர்ந்த காடு. யானைகள் நடமாடும் இடம். செல்பேசியில் ஓர் ஓசையும் எழவில்லை. புறப்படுவதற்கு முந்திய வாரந்தான் ஒரு பட்டறையில் நான்கு பிளக்குகளையும் புதியனவாக மாற்றியிருந்தனர். ஆகவே குறை பிளக்கில் இருக்க முடியாது என்று வழிநெடுக வாதித்துக்கொண்டே, ஒருவாறு கோபிநத்தம் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே டிராக்டர்களைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் காயிலைக் கழற்றிக் குழிக்குள் டார்ச்சு விளக்கை அடித்துப் பார்த்தார். "பிளக்குல தப்பு இல்லீங்க. குழியில எண்ணெய் நிக்குது, பாருங்க" என்றார். எட்டிப் பார்த்தோம். பிளக்கின் வெண்பீங்கான் பாதிவரை கரிய எண்ணெயில் மூழ்கியிருந்தது.

அலுவலகக் காகிதங்களில் இவ்வுறுப்பை நாம் 'தீப்பொறிச் செருகி' என்று எழுதுவதுண்டு. பட்டறையில் அப்பெயரைச் சொன்னால் எவரும் எதையும் எடுத்துத் தரமாட்டார். ஆதலின் பிளக்கு என்றே வழங்குவோம். 1958 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர் காரைப் பழகியவர்களுக்கு, பிளக்கு எஞ்சினின் பக்கவாட்டில் வெளிப்படையாகத் தெரிவது நினைவிருக்கும். பானட்டைத் திறந்து கையை நீட்டினால் எட்டும். அதற்கு எண்ணெயில் மூழ்கும் ஆபத்து இல்லை.

இக்காலத்துக் கார்களில் நிலைமை வேறு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள் வைத்து, அவற்றின் நடுவே பிளக்கை நிறுத்தினால் தீ எப்பக்கமும் சமமாகப் பரவும். 1912-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் வென்ற பியூஜோ காரிலேயே இவ்வகை அமைப்பு இருந்தது. பந்தயக் கார்களுக்கு உரியதாக இருந்த அது பிற்காலத்தில் சாதாரணக் குடும்பக் கார்களுக்கும் வந்துவிட்டது. ஆனால் சிலிண்டரின் நடுவுக்குச் செல்லும் வழி, வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகள் சுழலும் அறையின் ஊடே செல்கிறது. அவ்வறை முழுவதும் எண்ணெய் தெறிக்கும் இடம். ஆகையால் பிளக்கைச் சுற்றி ஒரு குழாயை நிறுத்தி, அதன் தலை டேப்பட் கவரைத் தொடும் இடத்தில் ஒரு ரப்பர் சீலை அமைத்தனர். சில எஞ்சின்களில் குழாயின் அடியிலும் ஒரு வளையம் உண்டு. எண்ணெய் அறைக்கும் பிளக்குக் குழிக்கும் இடையே காவல் நிற்பவை இவையே.

ரப்பர் வெப்பத்தால் இறுகும். ஆண்டுக்கணக்கில் கொதித்து ஆறிய சீல், நெகிழ்ச்சியை இழந்து பிளாஸ்டிக்கு வளையம் போலாகிவிடும். அப்போது எண்ணெய் துளித்துளியாகக் குழிக்குள் இறங்கும்.

இங்கே நேயர்கள் ஓர் ஐயத்தை எழுப்பலாம். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாத பொருளாயிற்றே, அது எவ்வாறு பொறியைக் கெடுக்கும்? கேள்வி நியாயமானதே. தூய எண்ணெய் கடத்தாதுதான். ஆனால் அது காயிலின் ரப்பர் உறையை ஊறவைத்துத் தளர்த்துகிறது. கரியையும் அழுக்கையும் பீங்கான்மீது படியச் செய்கிறது. பிளக்குக்கு வரும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்டது. அத்தகைய மின்சாரம் ஒரு சிறு கரிக்கோடு கிடைத்தாலும் அதன்வழியே வெளியே ஓடிவிடும். சிலிண்டருக்குள் பொறி விழாது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி தர வேண்டும். அவற்றுட் பல தவறினால் உண்டாவதையே மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்கின்றனர். தீப்பிடியாத பெட்ரோல் புகைபோக்கியில் உள்ள வினையூக்கிப் பெட்டிக்குச் சென்று அங்கே எரியும். அப்பெட்டி அளவு மீறிச் சூடேறிப் பாழாகும். சீலின் விலை சில நூறு ரூபாய். அப்பெட்டியின் விலை பல ஆயிரம்.

பிளக்கைக் கழற்றியதும் எண்ணெய் எந்தப் பகுதியில் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே பீங்கானிலும் அறுகோணப் பகுதியிலும் இருந்தால் குற்றம் குழாய்ச் சீலுடையது. கீழே பொறி விழும் முனை ஈரமாக இருந்தால் அது பிஸ்டன் வளையமோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்ததன் அடையாளம். அது வேறு நோய், பெருஞ்செலவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு எஞ்சினையே பிரித்தவர்கள் உண்டு. நம் நண்பருக்குப் பிளக்கு மாற்றித் தந்த பட்டறையார் குழியில் ஈரத்தைக் கண்டிருக்கத்தான் வேண்டும். துடைத்துவிட்டுப் புதியதைத் திருகிவிட்டனர் போலும்.

சீலை மாற்றும் வேலை கடினமன்று, பொறுமை வேண்டும். எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். காயில்களைக் கழற்றியதும், பிளக்கைத் தொடுமுன் குழியிலுள்ள எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையேல் பிளக்கைத் திருகிய நொடியிலேயே அது சிலிண்டருக்குள் வழியும். பிளக்குகளை அவ்விடத்திலேயே விட்டுவைத்து டேப்பட் கவரைத் திறப்பது நன்று. தூசியோ திருகாணியோ உள்ளே விழாது. பழைய சீலைக் கூரற்ற கருவியால் நெம்பி எடுத்து, அது எப்பக்கம் நோக்கி இருந்ததோ அதே பக்கமாகப் புதிய சீலைக் கோணலின்றித் தட்டி இறக்க வேண்டும். அதன் உதட்டில் சிறிது எண்ணெய் பூசினால் குழாயின் மேல் கிழியாமல் அமரும். டேப்பட் கவரின் பேக்கிங்கையும் அப்பொழுதே மாற்றிவிடுவது சிக்கனம். ஒரே கவரை இருமுறை திறப்பது எதற்கு?

திருகாணிகளை நடுவிலிருந்து வெளிநோக்கிச் சிறிது சிறிதாக இறுக்குவார்கள். பெரும்பாலான எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டர் அளவிலான இறுக்கமே போதும். சரியான அளவு அவ்வண்டியின் கையேட்டில் இருக்கும். கசிவை அடக்க எண்ணி மேலும் இறுக்கினால் கவர் விரியும். சில வண்டிகளில் சீல் கவருடனேயே வார்க்கப்பட்டுப் பிரிக்க இயலாததாக இருக்கும். அங்கே முழுக் கவரையும் வாங்குவது தவிர வழியில்லை. அடிவளையம் கசியும் எஞ்சினில் மேற்சீலை மட்டும் மாற்றினால் பயனில்லை.

பலர் கவனியாத மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சினுள் எழும் ஆவியை வெளியேற்றும் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே அழுத்தம் மிகும். அது புதிய சீலையும் சில மாதங்களில் தள்ளிக் கசியவைக்கும்.

கோபிநத்தத்து முதியவரிடம் அந்தக் காருக்குரிய சீல் கிடையாது. நான்கு குழிகளையும் ஒற்றித் துடைத்து, காயில் உறைகளை உலர்த்திப் பொருத்தித் தந்தார். "மேட்டூர் வரைக்கும் போவும், அதுக்கு மேல நம்பாதீங்க" என்றார். ஒகேனக்கல் எண்ணத்தைக் கைவிட்டு, எழுபது ரூபாய்க் கூலி பெற்றுக்கொண்ட அவரிடம் விடைபெற்றுத் திரும்பினோம். சீல்களை மாற்றிய மறுநாட் காலையில் நண்பர் காயில்களைக் கழற்றி, டார்ச்சு விளக்கால் ஒவ்வொரு குழியையும் பார்த்தார். நான்கும் உலர்ந்திருந்தன.