வீட்டினுள் மருட்செடி வளர்த்தல்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரருக்கான இத்துண்டுப் பிரசுரத்தில் வீட்டு அலங்காரச் செடியொன்றைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை முதலிய அயலூர்களிலும் பல வீடுகளின் விறாந்தைகளில் இப்பொழுது மருட்செடி நிற்கிறது. பாம்பின் தோலை ஒத்த வரிகளுடைய நீண்ட இலைகளைக் கொண்டிருப்பதால் இதனைப் பாம்புச்செடி என்றும் அழைப்பர். கவனிப்பில்லாமலே வளரும் என்று பெயர்பெற்ற இச்செடி கமக்காரர் வீட்டில் அழுகிச் சாவதற்குக் காரணம் ஒன்றே. வயலுக்கு நீர் பாய்ச்சிப் பழகிய கை, சாடிக்கும் நாள்தோறும் நீர் ஊற்றிவிடுகிறது.

மருளினத்துள் ஒன்று நம் நாட்டில் இயற்கையாக வளர்வது. அதன் தாவரவியற் பெயரிலுள்ள ‘சைலானிக்கா’ என்னும் சொல் இலங்கையைக் குறிக்கும். சிங்களத்தில் அதனை நியந்த என்பர். முற்காலத்தில் அதன் நாரால் கயிறு திரித்தனர். வில்லுக்கு நாணும் செய்தனர். தும்பறைப் பாய்களின் நெசவை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அப்பாய்களுக்கு இன்று ‘ஹன’ என்னும் கற்றாழையினச் செடியின் நார் பயன்படுகிறது. நாற்றுமேடைகளில் விலைக்குக் கிடைக்கும் மஞ்சள் ஓரமுடைய மருளோ மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 2017 ஆம் ஆண்டில் தாவரவியலார் அதனை ‘திரசீனா’ என்னும் இனத்தின்கீழ் மாற்றி வைத்தனர். பெயர் மாறினும் வளர்க்கும் முறை மாறவில்லை.

நெற்பயிர் பகலில் இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டு வாயுவை உள்ளிழுக்கும். அவ்வேளையில் பெருமளவு நீரையும் ஆவியாக இழக்கும். மருளோ பகலில் இலைவாய்களைப் பெரும்பாலும் மூடிவைத்து, இரவில் திறந்து அவ்வாயுவைச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்கும். இதனால் இழக்கும் நீர் மிகச் சொற்பம். தடித்த இலைகளிலும் நிலத்தினுள் ஓடும் வேர்த்தண்டுக்கிழங்கிலும் நீரைச் சேர்த்தும் வைத்திருக்கும். ஆகவே சாடியில் ஈரம் நிலைத்து நிற்குமாயின் வேர்கள் மூச்சின்றி அழுகும். இலையின் அடி மென்மையாகி, மஞ்சளித்து, துர்நாற்றம் வீசும். அந்நிலையைக் கண்டு வாட்டம் என்றெண்ணி மேலும் நீர் ஊற்றுவோர் பலர்.

வயற்சேற்றை ஒருபோதும் சாடியில் இடாதீர்கள். நெல்லுக்கு நீரைத் தேக்கித் தரும் அதே களிமண் மருளுக்கு நஞ்சாகும். தோட்ட மேல்மண் இரண்டு பங்கு, பருமனான ஆற்றுமணல் இரண்டு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். ஆலையிற் கிடைக்கும் உமியைக் கரியாக்கி ஒரு கைப்பிடி சேர்த்தல் நன்று. தும்புச்சோற்றை மாத்திரம் இட்டால் கண்டியின் ஈரக் காற்றில் அது எளிதில் உலராது. அடியில் துளையுள்ள மண்சாடியே சிறந்தது; மெருகிட்ட சாடியும் பிளாஸ்ரிக்குச் சாடியும் ஈரத்தை நெடுநாள் வைத்திருக்கும்.

நீர் விடுதற்கு நாட்கணக்கு வேண்டாம். ஓர் ஈர்க்கை இரண்டு அங்குல ஆழத்திற்கு மண்ணிற் செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிவந்தால் இன்னும் பொறுத்திருங்கள். வரண்ட பெப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதியதாயிருக்கும்; மழை மிகும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மூன்று நான்கு கிழமை விட்டாலும் கேடில்லை. இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கவிடலாகாது. யன்னலோர வெளிச்சம் ஏற்றது. இருண்ட மூலையிலும் உயிரோடிருக்கும்; ஆனால் வளர்ச்சி குன்றும். பசளை மிகச் சிறிதே வேண்டும். வயலுக்கிடும் யூரியாவைத் தூவுதல் தகாது.

சாடியின் கீழ் வைக்கும் தட்டைப் பற்றி அழுத்திக் கூறவேண்டியுள்ளது. 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் தெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாகி, 400 பேருக்கு மேல் இறந்தனர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு வீட்டைச் சுற்றியுள்ள சிறு நீர்த்தேக்கங்களில் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு கிழமையே போதும். நீர் வற்றிய தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தட்டைக் கவிழ்த்தல் மாத்திரம் போதாது. கிழமைக்கொருமுறை தும்பினால் உரசிக் கழுவுங்கள். தட்டின்றிச் செங்கல்மேற் சாடியை வைப்பது இன்னும் எளிது. மருளை நீர்ப்போத்தலில் வளர்ப்போர் நீரைக் கிழமைதோறும் மாற்றுவதோடு போத்தலின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவவேண்டும்.

இச்செடி வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று விற்போர் கூறுவர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989 இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மூலம். அது காற்றுப்புகாத சிறு பெட்டிகளுள் செய்யப்பட்டது. யன்னல் திறந்த வீட்டில் அப்பயனைப் பெற, தரையின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் பத்துச் செடிகளேனும் வேண்டுமென 2019 இல் வெளிவந்த மீளாய்வு காட்டிற்று. அழகுக்காக வாங்குங்கள், காற்றுக்காக யன்னலைத் திறவுங்கள்.

செடியைப் பெருக்கி அயலவருக்கு விற்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். இலையை மூன்று நான்கு அங்குலத் துண்டுகளாக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, அடிப்பக்கம் கீழிருக்க மணலில் நட்டால் வேர்விடும். தலைகீழாக நட்டது வேர்விடாது. ஆனால் மஞ்சள் ஓரமுடைய வகையை இவ்வாறு நட்டால், பிறக்கும் கன்றுகளில் அம்மஞ்சள் இராது. வெறும் பச்சையாகவே வளரும். நல்ல விலை பெறுவது அந்த ஓரமே. ஆகையால் அவ்வகையைக் கிழங்கோடும் வேரோடும் பிரித்தே நடவேண்டும்.

இலையில் சப்போனின் என்னும் பொருள் உண்டு. குழந்தையோ நாயோ கடித்துத் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் ஏற்படலாம். வெட்டிய இலைகளை ஆட்டுக்கொட்டிலில் எறியாது, கூட்டெருக் குழியில் இடுங்கள். அடி அழுகிய செடியைச் சாடியிலிருந்து எடுத்து, மென்மையான பகுதி முழுவதையும் கூரிய கத்தியால் வெட்டி நீக்கி, காயம் காயும்வரை நிழலில் வைத்து, புதிய உலர்ந்த மண்கலவையில் நடுங்கள். நட்ட முதற்கிழமை நீர் விடவேண்டாம்.