தங்கையை எந்த வகுப்பில் சேர்ப்பது?

சென்ற வருட டிசம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டுச் செற்றி உடைந்தது. உடைத்தவள் என் ஏழு வயதுத் தங்கை. செற்றியின் முதுகில் ஏறி நின்று தலையணைகள்மேல் குட்டிக்கரணம் போடுவது அவளது அன்றாட வேலை. “இவள எங்கயாவது ஜிம்னாஸ்டிக் பழக்கிற இடத்தில சேத்து விடுங்க. இல்லாட்டி இந்த வீட்டில ஒரு சாமானும் மிஞ்சாது” என்றார் உம்மும்மா. வாப்பா பதில் சொல்லவில்லை. என் கையைத்தான் பார்த்தார்.

அதற்குக் காரணம் உண்டு. ஒன்பது வயதில் நானும் அப்படியொரு வகுப்புக்குப் போனேன். கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் பயிற்சியை வாரத்தில் நான்கு நாட்கள் செய்வித்தார்கள். மணிக்கட்டு நோகிறது என்று ஒருமுறை சொன்னேன். “நொந்தாத்தான் பழகலாம்” என்று பதில் வந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை. பேனை பிடிக்க முடியாமல் போனபோதுதான் வீட்டாருக்கு விடயம் தெரிந்தது. சில வார ஓய்வில் கை சுகமானது. ஆனால் வாப்பா அத்தோடு எனக்கு எல்லா விளையாட்டையும் நிறுத்திவிட்டார். பாடசாலை வலைப்பந்து அணிக்குக்கூட நான் பெயர் கொடுக்கவில்லை. தங்கைக்கும் அதுவே நடந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

எனக்கு நேர்ந்தது என்னவென்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே மென்மையான குருத்தெலும்புப் பகுதி ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அங்கிருந்துதான். ஜிம்னாஸ்டிக்கில் கால்களைப் போலவே கைகளும் உடற்பாரத்தைச் சுமப்பதால், ஓய்வின்றிப் பழகும்போது மணிக்கட்டில் அந்தப் பகுதி பாதிக்கப்படலாம். முதுகைப் பின்புறமாக அளவுக்கு மீறி வளைத்துக்கொண்டே இருந்தால் இடுப்புக்கு மேலுள்ள முள்ளெலும்பில் வெடிப்பு ஏற்படவும் இடமுண்டு. தசை வலிப்பது வேறு, மூட்டு வலிப்பது வேறு. புதிய பயிற்சி செய்த மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது சாதாரணம். ஒரே மூட்டு ஒவ்வொரு நாளும் நொந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் வகுப்பு பிள்ளைக்கு ஏற்றதல்ல.

உம்மாவும் நானும் தெஹிவளைக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் மூன்று இடங்களைப் பார்த்தோம். முதலாவது இடத்தில் பெயர்ப்பலகைதான் ஜிம்னாஸ்டிக். உள்ளே நடந்தது பாட்டுக்கு ஆடும் ஏரோபிக்ஸ். அதிலும் தவறில்லை, பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். ஆனால் டைல்ஸ் தரையில் மெல்லிய யோகா விரிப்பைப் போட்டுக் குட்டிக்கரணம் பழக்க முடியாது. பெற்றோர் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பெண்களுக்கான கலைசார் ஜிம்னாஸ்டிக்கில் நான்கு பிரிவுகள் உண்டு: தாண்டு மேசை, உயரம் வேறுபட்ட இரு கம்பிகள், சமநிலைச் சட்டம், தரைப் பயிற்சி. நாடாவும் வளையமும் பந்தும் வைத்துச் செய்வது ரிதமிக் என்ற வேறு பிரிவு. போட்டிக்குரிய சமநிலைச் சட்டத்தின் அகலம் வெறும் 10 சென்ரிமீற்றர், உயரம் 125 சென்ரிமீற்றர். சிறு பிள்ளைகளுக்கு அந்த உயரம் தேவையே இல்லை. தரையில் ஒட்டிய கோட்டில் நடக்கப் பழகினாலே போதும்.

இரண்டாவது இடம் என்னைக் கவர்ந்தது. தடித்த மெத்தைகள், பளபளக்கும் கம்பிகள், சுவர் நிறையப் பதக்கங்கள். பெற்றோர் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். கதவு இடுக்கில் உம்மா எட்டிப் பார்த்தார். கால்களை இருபுறமும் விரித்து அமர்ந்திருந்த ஒரு சிறுமியின் முதுகைப் பயிற்றுநர் அழுத்திக்கொண்டிருந்தார். பிள்ளையின் கண்களில் நீர். உம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பார்க்க விடாத வகுப்பு எதுவானாலும் அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. அமெரிக்க ஜிம்னாஸ்டிக் அணியின் முன்னாள் வைத்தியர் ஒருவர் சிறுமிகளைத் துஷ்பிரயோகம் செய்த குற்றத்துக்காக 2018இல் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் பிள்ளைகளில் சிலர் பல வருடங்களுக்கு முன்பே முறையிட்டிருந்தும் பெரியவர்கள் நம்பவில்லை.

மூன்றாவது இடம் ஒரு பழைய மண்டபம். மெத்தைகளின் உறையில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். பயிற்றுநர் ஒரு பெண். எட்டுப் பிள்ளைகளுக்கு அவரோடு இன்னோர் உதவியாளர். உடலை நன்கு உஷ்ணப்படுத்திய பின், அன்று முழுவதும் பழக்கியது எப்படி விழுவது என்பதைத்தான்: நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து உருள வேண்டும், கையை நேராக நீட்டித் தரையில் ஊன்றக் கூடாது. ஒரு பிள்ளை “மிஸ், கால் நோகுது” என்றாள். அவர் நிறுத்தி, எங்கே நோகிறது என்று கேட்டு, ஓரத்தில் அமர்த்தினார். யாரும் சிரிக்கவில்லை. உம்மா அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டார்.

உடை பற்றிய கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. முழுக்கால் லெகிங்ஸும் நீளக் கை ரீசேர்ட்டும் போதும் என்றார் பயிற்றுநர். ரீசேர்ட்டை உள்ளே சொருகிக்கொள்ள வேண்டும். தலையை மூடும் பிள்ளைகள் ஊசி குத்திய ஸ்காஃபைத் தவிர்த்து, தலையோடு இறுக்கமாக நிற்கும் துணித்தொப்பி அணியலாம். காப்பு, தோடு எல்லாம் வீட்டில். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜேர்மன் பெண்கள் அணி கணுக்கால் வரை மூடிய உடையுடன்தான் போட்டியிட்டது. விதிகள் அதை அனுமதிக்கின்றன. பத்துப் பதினொரு வயதில் உடைக்காகவே விலகும் பிள்ளைகளின் பெற்றோர் இதை அறிந்திருப்பது நல்லது.

அதே டோக்கியோவில்தான் மில்கா கெஹானி, ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் பங்குபற்றிய முதல் இலங்கையர் ஆனார். வாப்பாவின் மனதை மாற்றியதோ சிமோன் பைல்ஸின் கதை. அந்தரத்தில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தப்பிப்போவதாகக் கூறி, உலகின் தலைசிறந்த அந்த வீராங்கனை குழு இறுதிப்போட்டியின் நடுவிலேயே விலகினார். 2024இல் பாரிஸில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். இதைச் சொன்னபோது வாப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உன்னையும் அன்டைக்கு முழுசா நிப்பாட்டியிருக்கத் தேவல்ல போல” என்றார்.

தங்கை இப்போது சனிக்கிழமைகளில் மட்டும் போகிறாள். நான்கு மாதத்தில் ஒழுங்காகக் கற்றது முன்பக்கக் குட்டிக்கரணம் ஒன்றுதான். “இன்னும் பல்டி அடிக்கப் பழக்கல்லையா?” என்று பக்கத்து வீட்டு மாமி கேட்கிறார். கட்டணத்தை மாதாமாதம் கட்டுகிறோம். ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே கட்டினால் கழிவு உண்டு என்றார்கள், உம்மா வேண்டாமென்றுவிட்டார். பிள்ளைக்குப் பிடிக்காமல் போனால் எந்த மாதத்திலும் நிறுத்த முடிய வேண்டுமல்லவா?