கோடானுகோடிக் கோள்களும் ஆடியோர் தீர்ப்பும்

கணிப்பொறி விளையாட்டைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கு என்ன தகுதி உண்டு என்று உங்களுள் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. நான் அதில் வல்லவன் அல்லேன். என் பெயரன் ஆடும்போது சில மாலைப்பொழுதுகளில் அருகிருந்து பார்த்தவன், அவ்வளவே. ஆனால், ஒரு பொருளைப் பற்றிப் பலர் பலவாறு கூறும்போது அக்கூற்றுகளை எவ்வாறு எடைபோடுவது என்பது, வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்தவனுக்குப் பழகிய வேலை. அவ்வகையில் ஆராயத்தக்க விளையாட்டு ஒன்று உண்டு.

அதன் பெயர் ‘நோ மேன்ஸ் ஸ்கை’. ‘எவர்க்கும் உரிமையாகாத வானம்’ என்று தமிழில் கூறலாம். இங்கிலாந்தில் கில்டுஃபோர்டு என்னும் ஊரிலுள்ள ‘ஹலோ கேம்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் அதனைப் படைத்தது. ஷான் மரே என்பவர் அதன் தலைவர். 2013 டிசம்பரில் முதன்முதலாக அறிவிக்கப்பெற்று, 2016 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. ஆடுவோன் யாரும் அறியாத ஒரு கோளில், பழுதுற்ற விண்கலத்தோடு தனித்து விடப்படுகிறான். கலத்தைச் செப்பனிட்டுக் கோள்விட்டுக் கோள் செல்கிறான். காணும் விலங்குகளுக்கும் செடிகளுக்கும் தானே பெயர் சூட்டுகிறான். காட்சிகளின் தோற்றம் வேண்டுமென்றே பழமையாக அமைக்கப்பட்டது. செம்மஞ்சள் வானமும் பருத்த விண்கலங்களும், கிறிஸ் ஃபாஸ் போன்ற ஓவியர்கள் 1970-களில் ஆங்கில அறிவியற் புதினங்களுக்குத் தீட்டிய மேலட்டைகளை நினைவூட்டுகின்றன.

இவ்விளையாட்டின் பெரும்புகழுக்குக் காரணம் ஓர் எண். அதிலுள்ள கோள்களின் தொகை இரண்டின் 64-ஆம் அடுக்கு என்றனர், அதாவது 1,84,46,74,40,73,70,95,51,616. சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு அரசனைத் திகைக்கவைத்த அறிஞனின் கதையை நீங்கள் அறிவீர்கள். அவன் கேட்ட நெல்மணிகளின் மொத்தத் தொகை இதைவிட ஒன்றே குறைவு! நொடிக்கு ஒரு கோளாக ஒருவன் பார்த்துச் சென்றாலும் ஏறத்தாழ 58,000 கோடி ஆண்டுகள் ஆகும். நம் பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்தாம்.

ஏறத்தாழப் பதினைந்து பேர் கொண்ட குழு இத்தனை கோள்களை எவ்வாறு வரைந்தது? அவர்கள் வரையவில்லை. வரையும் விதிகளை மட்டுமே எழுதினர். 347-ஐ 29-ஆல் பெருக்கினால் என்ன வரும் என்று எந்த வாய்பாட்டிலும் அச்சிட்டிருப்பதில்லை. ஆயினும் யார் எங்கே பெருக்கினாலும் 10,063 என்றே வரும். அதுபோல ஒவ்வொரு கோளுக்கும் ஓர் எண் உண்டு. ஆடுவோன் அக்கோளை நெருங்கும்போது, அவ்வெண்ணை விதிகளில் இட்டு, மலை, கடல், விலங்கு அனைத்தையும் கணிப்பொறி அப்பொழுதே ஆக்கிக் காட்டுகிறது. புதுக்கோட்டையில் ஆடுபவன் காணும் கோளும் இலண்டனில் ஆடுபவன் காணும் கோளும் ஒன்றாக இருப்பதன் காரணம் இதுவே.

இம்முறை நமக்கு அந்நியமானதன்று. மார்கழி மாதத்தில் நம் ஊரின் ராஜ வீதிகளில் விடியற்காலையில் நடந்து பாருங்கள். புள்ளி வைக்கும் முறை சில, கோடு வளைக்கும் முறை சில. அவற்றைக்கொண்டு பெண்கள் இடும் கோலங்களோ எண்ணற்றவை. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை ஒரு மொழியாகவே கருதி, அதற்குக் கணித இலக்கணம் வகுத்து 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். சில விதிகளால் முடிவற்ற வடிவங்கள் பிறக்கும் என்பதைத் தமிழகத்து வாசற்படியே அவர்களுக்குக் காட்டியது.

எனினும் ஒன்று கவனியுங்கள். ஒரே விதியால் பிறந்த ஆயிரம் கோலங்கள் எண்ணிக்கையில் ஆயிரமே. பார்ப்பவர் கண்ணுக்கோ பத்துப் பன்னிரண்டு வகையாகத் தோன்றிவிடலாம். ‘வேறு’ என்று கணக்கு சொல்வதும் ‘புதிது’ என்று மனம் சொல்வதும் ஒன்றல்ல. 2016-இல் எழுந்த பூசலுக்கு இதுவே ஒரு வேர்.

இவ்வுண்மையை முன்னோடியான விளையாட்டு ஒன்று தன் பிறப்பிலேயே உணர்ந்திருந்தது. 1984-இல் டேவிட் பிராபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் ‘எலீட்’ என்ற விண்வெளி விளையாட்டை பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறிக்காக உருவாக்கினர். (அந்தப் பொறியை நம் நாடும் அறியும். அதே ஆண்டில் மைய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தின்கீழ் நம் பள்ளிகளுக்கு வந்தது அதுவே.) 32 கிலோபைட்டு நினைவகத்துக்குள் அவர்களும் எண்ணிலிருந்தே கோள்களை ஆக்கினர். இரண்டின் 48-ஆம் அடுக்கு அளவிற்கு விண்மீன் கூட்டங்களைத் தர அவர்கள் எண்ணியிருந்தனர். வெளியீட்டு நிறுவனமான ஏக்கார்ன்சாஃப்ட் அதனை மறுத்து, எட்டே போதும் என்றது. கூட்டத்துக்கு 256 ஆக, மொத்தம் 2,048 கோள்கள். தொகை மிகுந்தால் அவற்றின் ஒருமாதிரித் தன்மை ஆடுவோருக்குப் புலப்பட்டுவிடும் என்பது அவர்கள் கருத்து. அது சிறந்த அறிவுரை என்பேன்.

இனி ஆடியோர் கூறியவற்றுக்கு வருவோம். வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை 60 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 4,000 ரூபாய். விற்பனைக்கு வந்த முதல் நாளிலேயே ஒரு நிகழ்ச்சி நடந்தது. இருவர் தற்செயலாக ஒரே கோளைக் கண்டறிந்து, பேசிவைத்துக்கொண்டு ஒரே இடத்தில் சந்திக்க முயன்றனர். இருவர் திரையிலும் அதே இடம். ஆனால் ஒருவரை ஒருவர் காண இயலவில்லை! காரணம் எளிது. கோளை விதியால் கணக்கிட்டுவிடலாம். எதிரே வரும் மனிதன் அடுத்த கணம் எப்பக்கம் திரும்புவான் என்பதை எந்த விதியாலும் கணக்கிட இயலாது. அச்செய்தியை ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குக் கம்பிவழி கொண்டுசேர்க்கவேண்டும். அந்த ஏற்பாடு அன்று இல்லை. சந்திப்பு மிக அரிதாயினும் நிகழக்கூடும் என்று மரே முன்னர்ப் பேட்டிகளில் கூறியிருந்ததே ஆடியோரின் சினத்துக்குக் காரணமாயிற்று. விளம்பரப் படங்களில் கண்டவை பல விளையாட்டில் இல்லை என்றும், பத்துக் கோள்களைக் கண்டபின் பதினோராவது புதிதாக இல்லை என்றும் பலர் எழுதினர். நிறுவனமோ பல வாரங்கள் வாய் திறக்கவில்லை.

மறுபுறம், முதல் நாளிலிருந்தே இதனை விரும்பியோரும் இருந்தனர். ஆள் அரவமற்ற வெளியில், எவரும் பெயரிடாத குன்றொன்றின்மீது நின்று மாலை மறைவதைப் பார்ப்பதே போதும் என்றனர் அவர்கள். இரு சாராரும் ஆடியது ஒரே விளையாட்டையே. ஒருவர் தமக்கு வாக்களிக்கப்பட்டதைக் கொண்டு அளந்தார்; மற்றவர் தம் கண்முன் இருந்ததைக் கொண்டு அளந்தார். எவர் கூற்றும் பொய்யன்று. எனினும் 4,000 ரூபாய் கொடுத்தவர் வாக்குறுதியைக் கணக்கில் எடுப்பதைக் குறைகூற என்னால் இயலாது.

இதே முறையீடு முறைப்படி ஆராயப்பட்டபோது விடை வேறாக வந்தது. பிரிட்டனின் விளம்பர நெறி ஆணையம், விற்பனைப் பக்கத்தின் படங்களைப் பற்றிய புகார்களை ஆராய்ந்து, அவை விதிமீறல் அல்ல என்று 2016 நவம்பரில் முடிவுசெய்தது. பேட்டியில் சொன்ன சொல் வேறு, விற்பனைப் பக்கத்தில் அச்சிட்ட சொல் வேறு என்பதை மனத்திற் கொள்க.

அதே நவம்பரில், கோள்களில் இல்லங்கள் கட்டும் வசதியை நிறுவனம் கட்டணமின்றிச் சேர்த்தது. பின்னரும் ஆண்டுதோறும் இலவசமாகவே புதிய பகுதிகள் வந்தன. 2018 ஜூலையில், ஆடுவோர் ஒருவரையொருவர் கண்டு கூடிச்செல்லும் வசதி முழுமையாக வந்தது. 2020-இல் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில், தொடர்ந்து வளர்ந்துவரும் சிறந்த விளையாட்டு என்னும் பரிசும் கிடைத்தது. ஸ்டீம் என்னும் இணைய அங்காடியில் 2016-இல் வெறுப்புரைகளே மலிந்திருந்தன. 2024 இறுதியில், தொடக்க நாள் முதலாக எழுதப்பட்ட அனைத்தையும் சேர்த்து எண்ணியபோது, பத்தில் எட்டுப் பங்கு ஆதரவாக மாறியிருந்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பழைய வசைகள் அழிக்கப்படவில்லை. இன்றும் அதே பக்கத்தில் உள்ளன. பணம் சேர்த்துவைத்து, வாங்கலாமா என்று தயங்கும் மாணவன் அவற்றுள் எதைப் படிப்பது? ஸ்டீமில் ஒவ்வொரு கருத்தின் அருகிலும், எழுதியவர் எத்தனை மணிநேரம் ஆடினார் என்பதும் எழுதிய நாளும் காணப்படும். முதலில் அவ்விரண்டையும் பாருங்கள். 2016 ஆகஸ்டில் நான்கு மணிநேரம் ஆடியவர் கூறுவது அன்றைய விளையாட்டுக்குச் சரியான சான்று. இன்றைய விளையாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. நானூறு மணிநேரம் ஆடிவிட்டு ‘சலிப்பாக உள்ளது’ என்பவரின் சொல்லையோ, என்ன சலித்தது என்று கேட்டபின்பே ஏற்கவேண்டும்.

குறைகூறல் ஓய்ந்துவிட்டதும் இல்லை. கோள்கள் ஒன்றுபோல் உள்ளன என்பார் இன்றும் உளர். விதிகள் எத்தனை கூடினும் அக்குறை குறையுமேயன்றி ஒழியாது என்றே நான் கருதுகிறேன். முன்பு ஆளில்லாத் தனிமையை விரும்பிய சிலருக்கோ இப்பொழுது கூட்டமே குறையாகிவிட்டது. அவர்களுக்காக, பிற ஆடுவோர் எவரும் தம் கண்ணிற் படாதவாறு அமைத்துக்கொள்ளும் வழியும் அவ்விளையாட்டிலேயே உள்ளது.